காலில் சுருண்ட நரம்பு: லேசருக்கு முன்னால் ஸ்கேன்

கேரி தீவிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். கோலாலம்பூரில் வேலை செய்கிறார். வாரக் கடைசியில்தான் வீட்டுக்குப் போகிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 58. செம்பனைத் தோட்டத்தில் வருடக் கணக்காக நின்று, நடந்து உழைத்தவர். இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு போலப் புடைத்துச் சுருண்டிருக்கிறதாம். இப்போது கணுக்காலுக்கு மேலே தோலும் கறுத்து, அரிக்க ஆரம்பித்திருக்கிறது.

“லேசர் செய்தால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். அம்மாவோ, நரம்பில் கை வைத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயப்படுகிறார். யார் சொல்வது சரி?” என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வி அவர் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. நம் வீடுகளில் பெரியவர்கள் சேலைக்குள்ளும் கைலிக்குள்ளும் மறைத்து வைத்துப் பல வருடம் தள்ளிப் போடுகிறார்கள். இளையவர்களோ காலில் நான்கு நீலக் கோடுகள் தெரிந்தவுடன் எந்த கிளினிக்கில் பேக்கேஜ் மலிவு என்று தேடுகிறார்கள். இருவருமே ஒரு முக்கியமான படியைத் தாண்டிப் போகிறார்கள். அந்தப் படியைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில், அது நரம்பு இல்லை

குழப்பமே பெயரில்தான் தொடங்குகிறது. ‘நரம்பு’ என்று நாம் இரண்டு பொருள்களைச் சொல்கிறோம். மூளையிலிருந்து செய்தி கொண்டு போகும் நரம்பு ஒன்று. அது அறுந்தால் கை கால் மரத்துப் போகும், செயல் இழக்கும். ரத்தம் ஓடும் குழாயையும் நாம் பேச்சு வழக்கில் நரம்பு என்றுதான் சொல்கிறோம். “ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை” என்று தாதி சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். அதன் சரியான பெயர் சிரை. காலில் சுருண்டு நிற்பது இந்தச் சிரைதான். மருத்துவர்கள் இதை வெரிகோஸ் வெயின் என்பார்கள். தமிழில் சுருள் சிரை.

எனவே சுருள் சிரையை அடைப்பதாலோ எடுப்பதாலோ கால் விளங்காமல் போகாது. இதற்கு நம் வீடுகளிலேயே சாட்சி உண்டு. இருதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட மாமாவோ சித்தப்பாவோ உங்கள் குடும்பத்தில் இருக்கலாம். “காலிலிருந்து நரம்பு எடுத்து இருதயத்தில் வைத்தார்கள்” என்று சொல்லி, காலில் உள்ள நீண்ட தழும்பைக் காட்டுவார். பெரும்பாலும் அப்படி எடுக்கப்படுவது, கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கு அடியில் ஓடும் நீண்ட மேல் சிரை. வெரிகோஸ் நோயில் அதிகமாகப் பழுதாவதும் அதே சிரைதான். அது இல்லாமலே அவர் நடக்கிறாரே!

காரணம், காலிலிருந்து மேலே திரும்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு, தசைகளுக்குள் புதைந்திருக்கும் ஆழ்சிரைகள் வழியாகப் போகிறது. மேல் சிரைகள் கிளைச் சாலை மாதிரி. பழுதான கிளைச் சாலையை மூடினால், வண்டிகள் நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடும். ஆனால் நெடுஞ்சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிளைச் சாலையை மூட வேண்டும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ரத்தம் ஏன் தேங்குகிறது?

காலுக்கு வரும் ரத்தத்தை இருதயம் தள்ளிவிடுகிறது. திரும்பி மேலே போக, நம் கெண்டைக்கால் தசைதான் பம்பு. நாம் நடக்கும்போது அது சுருங்கி ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. ஏறிய ரத்தம் மீண்டும் இறங்காமலிருக்க, சிரைக்குள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவைதான் வால்வுகள். வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் பின்னோக்கி இறங்கித் தேங்கும். அழுத்தம் கூடும். சிரை விரிந்து, நீண்டு, சுருளும்.

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். வயது, உடல் எடை, பல முறை கருத்தரித்தல், மணிக் கணக்காக நிற்பது, முன்பு காலில் ரத்தம் உறைந்திருப்பது ஆகியவையும் காரணங்கள்.

எண்ணெய் தேய்த்து உருவுவதாலோ, பெக்காம் வைத்து ரத்தம் எடுப்பதாலோ பழுதான வால்வு சரியாகாது. கால் வலிக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவுதான். கால் திடீரென வீங்கியிருக்கும்போது அழுத்தி உருவுவது ஆபத்து. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும்.

எது அழகுப் பிரச்சினை, எது நோய்?

மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் சிலந்தி வலை மாதிரித் தெரிவது முதல் படி. வலி, வீக்கம் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது பார்வைக்கு மட்டும்தான். அடுத்தது, புடைத்துச் சுருண்ட சிரை. பிறகு மாலையானால் கணுக்கால் வீங்கும், கால் கனக்கும், இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அதற்கும் அடுத்ததாக, கணுக்காலுக்கு மேலே உட்பக்கமாகத் தோல் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும், அரிக்கும், தடித்துப் போகும். கடைசிப் படி, ஆறாத புண்.

கேரி தீவு அம்மாவுக்குத் தோல் கறுத்திருக்கிறது. அப்படியானால் அவர் அழகுப் பிரச்சினையைத் தாண்டிவிட்டார். புண் வருவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம் இது.

புண்ணைப் பற்றி நம் சமூகத்துக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்களிடையே ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. அதனால் காலில் எந்தப் புண் வந்தாலும் “சர்க்கரைப் புண்” என்று முடிவு கட்டிவிடுகிறோம். சர்க்கரைப் புண் பெரும்பாலும் பாதத்தில், விரலில், குதிகாலில் வரும். சிரைப் புண் பெரும்பாலும் கணுக்காலுக்குச் சற்று மேலே உட்பக்கத்தில் வரும். சர்க்கரை உள்ளவருக்கும் சிரைப் புண் வரலாம். சிரையைக் கவனிக்காமல் மாதக் கணக்கில் வெறும் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே இருந்தால் புண் ஆறாது. மஞ்சளும் காப்பித் தூளும் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிரைப் புண்ணுக்குக் காத்திருக்காமல் சிகிச்சை செய்தால் என்ன பலன் என்று பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளிவந்தது. எல்லாருக்கும் அழுத்தக் கட்டு போட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பழுதான சிரையையும் உடனே அடைத்தார்கள். மறுபாதிக்கு அதைத் தள்ளி வைத்தார்கள். உடனே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளி வைத்தவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது. “புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லும் வீடுகள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தாண்டக் கூடாத அந்தப் படி

அதுதான் டூப்ளெக்ஸ் ஸ்கேன். வயிற்றில் குழந்தையைப் பார்ப்பது போன்ற அல்ட்ராசவுண்ட் கருவிதான். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் அது காட்டும்.

அது மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா, பழைய ரத்தக்கட்டி ஏதும் உண்டா? எந்தச் சிரையின் வால்வு பழுது? ரத்தம் எவ்வளவு நேரம் பின்னோக்கிப் பாய்கிறது? மேல் சிரையில் அரை விநாடிக்கு மேல் பின்னோக்கிப் பாய்ந்தால் வால்வு பழுது என்று கணக்கு. ரத்தம் இறங்குவது நிற்கும்போதுதான் நன்றாகத் தெரியும். அதனால் பின்னோட்டத்தைப் பார்க்க நோயாளியை நிற்க வைத்துத்தான் பரிசோதிப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியும் புடைப்பு ஓரிடத்தில் இருக்கும். பழுதான வால்வு தொடை இடுக்கில் இருக்கும். கீழே தெரிவதை மட்டும் எடுத்துவிட்டு மேலே உள்ள கசிவை விட்டுவிட்டால், நோய் திரும்பி வரும். ஸ்கேன் எடுக்காமல், காலைப் பார்த்தவுடன் “லேசர் செய்துவிடலாம், இந்த வாரம் தள்ளுபடி” என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. நல்ல சிரையைத் தேவையில்லாமல் அடைக்கவும் கூடாது. நாளைக்கு இருதயத்துக்கு பைபாஸ் தேவைப்பட்டால் அந்தச் சிரைதான் கை கொடுக்கும். இருதய நோயும் சர்க்கரையும் பரம்பரையாக வரும் நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

என்னென்ன சிகிச்சைகள்?

முன்பெல்லாம் மயக்க மருந்து கொடுத்து, தொடை இடுக்கில் கீறி, பழுதான சிரையை உருவி எடுப்பார்கள். நம் பாட்டிமார் பயந்தது இதற்குத்தான். இன்றும் சிலருக்கு அது தேவைப்படுகிறது. ஆனால் இப்போது அதுவே முதல் வழி இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ், 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில் வரிசையைத் தெளிவாகச் சொன்னது: முதலில் வெப்பத்தால் அடைத்தல், அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை.

வெப்ப முறையில் லேசர், ரேடியோ அலை என்று இரண்டு வகை. சிரைக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, சுற்றிலும் மரப்பு மருந்து செலுத்தி, உள்ளிருந்து சூடாக்கி மூடுவார்கள். முழு மயக்கம் பொதுவாகத் தேவையில்லை. முடிந்தவுடன் எழுந்து நடக்கச் சொல்வார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். லேசர் என்றால் உயர்ந்தது, ரேடியோ அலை என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம். இரண்டும் நல்ல பலன் தருபவை.

நுரை ஊசியில், மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தி, அதன் சுவர்களை ஒட்ட வைக்கிறார்கள். எளிது, செலவும் பொதுவாகக் குறைவு. ஆனால் ஒரு முறைக்கு மேல் தேவைப்படலாம். நம் நிறத் தோலில் பழுப்புக் கறை சில மாதம் தெரியலாம். 798 நோயாளிகளை வைத்து பிரிட்டனில் நடந்த இன்னோர் ஆய்வு, லேசர், அறுவை, நுரை மூன்றையும் ஒப்பிட்டது. 5 ஆண்டுகள் கழித்து, லேசரும் அறுவையும் செய்துகொண்டவர்கள் நுரை ஊசி போட்டவர்களை விட நன்றாக இருந்தார்கள் என்று 2019இல் முடிவு சொன்னது.

சிரையைப் பசை வைத்து ஒட்டும் முறையும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்றது. வெப்பம் இல்லாததால் தொடை நெடுகிலும் மரப்பு ஊசி போட வேண்டியதில்லை. ஆனால் சிலருக்கு அந்தப் பசை ஒவ்வாமையை உண்டாக்கும், விலையும் அதிகம்.

எந்த முறையானாலும் கன்றிப் போதல், சிரை நெடுக வலி, சில இடங்களில் மரத்துப் போதல் வரலாம். பெரும்பாலும் நாளடைவில் குறையும். அரிதாக ஆழ்சிரையில் ரத்தம் உறையலாம். அதனால்தான் உடனே நடக்கச் சொல்கிறார்கள். வருடங்கள் கழித்து வேறு சிரையில் நோய் திரும்பவும் வரலாம். “இனி வரவே வராது” என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கர்ப்பமாக இருந்தால் பொதுவாகப் பிரசவம் முடியும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். பிள்ளை பிறந்த பிறகு பலருக்குத் தானாகவே குறையும்.

காலுறை வாங்கும் முன்

அழுத்தக் காலுறை வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். வால்வைச் சரி செய்யாது. காலை அளந்து வாங்க வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, கால் வீங்காத நேரத்தில் போட வேண்டும். நம் வெயிலில் நாள் முழுக்கப் போடுவது எளிதல்ல. அரை நாள் போட்டாலும் முயன்று பாருங்கள்.

ஆனால் சர்க்கரை உள்ளவர்களும் புகைப்பவர்களும் இணையத்தில் பார்த்துத் தாங்களாகவே காலுறை வாங்கி மாட்டக் கூடாது. காலுக்கு ரத்தம் கொண்டு வரும் தமனியில் அடைப்பு இருந்தால், இறுக்கமான காலுறை இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டாலே அது தெரிந்துவிடும். கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது?

கேரி தீவு, தெலுக் பங்லிமா காராங், பந்திங் பக்கம் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போகலாம். அங்கிருந்து பந்திங் மருத்துவமனைக்கோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கடிதம் தருவார்கள். குடிமக்களுக்கு வெளிநோயாளர் பிரிவில் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட் என்பது நமக்குப் பழகிய கட்டணம். காத்திருக்க வேண்டியிருக்கும். தோல் கறுத்திருந்தாலோ புண் இருந்தாலோ அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முன்னுரிமை அதைப் பொறுத்துத்தான்.

தனியார் பக்கம் போகிறவர்கள், ரத்தநாள அறுவை நிபுணரா என்று தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பிறகு இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. ஸ்கேனில் எந்தச் சிரை பழுது என்று வந்திருக்கிறது? ஆழ்சிரை நன்றாக இருக்கிறதா?

2. மற்ற முறைகளை விட்டு இந்த முறை எனக்கு ஏன்?

3. இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?

4. சொல்லும் விலையில் ஸ்கேன், காலுறை, மறு பரிசோதனை, இரண்டாவது முறை ஊசி எல்லாம் அடங்குமா? ஒரு காலுக்கா, இரண்டு காலுக்குமா?

5. நான் சாப்பிடும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரையை என்ன செய்வது? (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

மெடிக்கல் கார்டு வைத்திருப்பவர்கள் தேதி குறிப்பதற்கு முன்பே காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதத்தைக் கேளுங்கள். அழகுக்காகச் செய்வதற்கு அவர்கள் பணம் தரமாட்டார்கள். வீக்கம், தோல் மாற்றம், ஸ்கேன் முடிவு எல்லாம் மருத்துவரின் அறிக்கையில் இருக்க வேண்டும்.

நின்றே தீர வேண்டிய வேலைகள்

சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடியும் தினம் பத்து மணி நேரம் நின்றால், மருத்துவர் செய்தது பாதிதான். தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஜவுளிக் கடைகளில் நிற்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியைகள், தாதியர், பாதுகாவலர்கள் கதையும் இதுதான்.

கேரளாவில் கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள், வேலை நேரத்தில் உட்காரும் உரிமை கேட்டு வருடக் கணக்கில் போராடினார்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைத் திரட்டினார். 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. இங்கே மலேசியாவில் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2002லேயே நின்று செய்யும் வேலைக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. கடை வைத்திருக்கும் வாசகர்களே, ஒரு நாற்காலி போடுவதால் வியாபாரம் குறையாது.

நிற்க வேண்டியவர்கள் அரை மணிக்கு ஒரு முறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், நான்கு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். கெண்டைக்கால் பம்பு வேலை செய்ய அது போதும். என்னைப் போல் மணிக் கணக்காக மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதே மருந்துதான். வீட்டுக்கு வந்ததும் காலை இருதயத்தை விட உயரமாக வைத்துக் கொஞ்சம் படுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீய்ச்சினால் உட்கார்ந்து பார்க்காதீர்கள். உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். காலைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டாம். நிற்காவிட்டால் 999. நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள், மறுபடியும் வரக்கூடும்.

ஒரே கால் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, அது நாளைக்குப் பார்க்கும் விஷயம் இல்லை. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எழுதிய நேயருக்கு என் பதில் இதுதான்: அம்மாவிடம் பைபாஸ் கதையைச் சொல்லிப் பயத்தைப் போக்குங்கள். லேசர் விளம்பரத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்து, அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், கறுத்த தோலைக் காட்டி, ஸ்கேனுக்குக் கடிதம் வாங்குங்கள். அதற்குப் பிறகு எந்தச் சிகிச்சை என்பதை ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

மற்ற வாசகர்களே, இன்று மாலை வீட்டில் அம்மா அப்பாவின் காலை ஒரு முறை பாருங்கள். அவர்களாகக் காட்டமாட்டார்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம். வணக்கம்.